மேற்கோள் எண்ணும் ஆராய்ச்சியின் மதிப்பும்

ஓர் ஆராய்ச்சியாளர் எத்தனை கட்டுரைகள் வெளியிட்டார், அவற்றைப் பிறர் எத்தனை முறை எடுத்துக்காட்டினர் என்று எண்ணி அவர்தம் தகுதியை அளக்கும் வழக்கம் இந்நாளில் எங்கும் பரவியுளது. உத்தியோகமும், பதவி உயர்வும், ஆராய்ச்சிக்குரிய பொருளுதவியும் பல இடங்களில் இவ்வெண்களைப் பற்றியே நிற்கின்றன. விஞ்ஞானம் பயிலும் நம் மாணவருட் பலர் நாளை இவ்வளவுகோலுக்கு உட்பட வேண்டியவராதலின், அஃது எதனை அளக்கின்றது, எதனை அளவாது விடுகின்றது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

ஒருவர் கட்டுரை எழுதுங்கால், முன்னோருள் எவருடைய முடிவையோ முறையையோ கைக்கொண்டாரோ அவர் பெயரையும் நூலையும் குறித்தல் வேண்டும். இதுவே மேற்கோள். இது நன்றியறிதலுமாம், படிப்போர் சரிபார்த்தற்கு வழியுமாம். ஒரு பழைய தீர்ப்பைப் பின்வந்த தீர்ப்புகளுள் எவை எடுத்தாண்டன என்று காட்டும் அட்டவணையை அமெரிக்க வழக்கறிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலே கையாண்டு வந்தனர். யூஜீன் கார்பீல்டு என்பார், விஞ்ஞானத்துக்கும் அத்தகையதொன்று வேண்டுமென 1955-இல் எழுதினார். 1964 முதல் அவர்தம் பிலடெல்பியா நிறுவனம் அதனை வெளியிடலாயிற்று. கட்டுரை தேடுவார்க்கு உதவ எழுந்த அட்டவணை, நாளடைவில் ஆளை நிறுக்கும் தராசாயிற்று.

நிற்க. அவ்வட்டவணையில் முதலிடம் பெற்ற கட்டுரை யாதெனின், உயிர்த் தத்துவத்தை விளக்கிய பேருண்மை எதுவுமன்று. புரதத்தை அளக்கும் ஒரு முறையே. ஆலிவர் லௌரி என்னும் அமெரிக்க உயிர் இரசாயன அறிஞர், வேறு மூவருடன் 1951-இல் அதனை வெளியிட்டார். புரதக் கரைசலைக் காரநிலையிலுள்ள செம்பு உப்போடு கலந்து, பின் போலின் என்பாரின் திரவத்தைச் சேர்த்தால் நீலநிறம் தோன்றும். அந்நிறத்தின் செறிவு புரதத்தின் அளவைக் காட்டும். புரதத்தோடு பழகிய ஆராய்ச்சிக்கூடங்களிலெல்லாம் இம்முறை நுழைந்தது. 2014-இல் 'நேச்சர்' சஞ்சிகை கணக்கெடுத்தபோது இக்கட்டுரை 3,05,000 முறைக்கு மேல் எடுத்தாளப்பட்டிருந்தது. உடனெழுதிய நிரா ரோஸ்பரோ, லூயிஸ் பார், ரோஸ் ராண்டல் என்பார் பெயர்களோ, 'லௌரி முறை' என்ற வழக்கினுள் மறைந்துபோயின. தனி நரம்பணுவினுள்ளும் இரசாயன மாறுதல்களை அளக்கத்தக்க நுண்ணிய முறைகளை வகுத்த லௌரி, தம் புகழ்பெற்ற கட்டுரை பெரியதொன்றன்று என்று தாமே 1977-இல் எழுதினார். எனினும் அது பெற்ற வரவேற்பில் உள்ளூர மகிழ்ந்ததையும் மறைத்தாரல்லர்.

1953-இல் வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் வடிவை ஒரு பக்கத்திற்குச் சிறிதே மிகுந்த கட்டுரையில் வெளியிட்டனர். மூலக்கூற்று உயிரியலின் வாயிலாகிய அக்கட்டுரை, மேற்சொன்ன கணக்கில் முதல் நூற்றினுள் இடம் பெறவில்லை. நூறாவது கட்டுரைக்கே 12,000-க்கு மேல் மேற்கோள் இருந்தது. இது வியப்பன்று. இரட்டைச் சுருள் பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டது; அதனைக் கூறுவோர் மூலக்கட்டுரையைச் சுட்டுவதில்லை. அளக்கும் முறையைக் கையாண்டவரோ ஒவ்வொரு முறையும் அதன் பெயரைச் சொல்லியாக வேண்டும். எனவே மிகுந்த எண் பெரும்பயனைக் காட்டும். பெருங்கருத்தைக் காட்டுமென்பது நிச்சயமன்று.

2005-இல் ஹிர்ஷ் என்னும் பௌதிக ஆசிரியர் வேறோர் எண்ணை வகுத்தார். ஒருவருடைய ஐந்து கட்டுரைகள் முறையே 10, 8, 5, 4, 3 மேற்கோள்கள் பெற்றனவெனின், குறைந்தது நான்கு மேற்கோள் பெற்றவை நான்கு. ஆதலின் அவர் எண் 4. ஒரே கட்டுரையால் பெயர் பெறுவதை இது தடுக்கும். ஆனால் லௌரி அவ்வொரு கட்டுரையோடு நின்றிருப்பின், மூன்று லட்சம் மேற்கோளிருந்தும் அவர் எண் 1 ஆகவே இருந்திருக்கும். மூன்று கட்டுரை எழுதிய இளைஞர், அவை எத்துணைச் சிறந்தனவாயினும், 3-க்கு மேற்செல்ல இயலாது. முதியவர் எண்ணோ, அவர் ஓய்வுபெற்ற பின்னும் வளரும், ஒருபோதும் குறையாது. இளைஞரையும் முதியவரையும் இவ்வொரே கோலால் அளப்பது நீதியாமோ?

இக்குறையுணர்ந்த சஞ்சிகை ஆசிரியரும் பதிப்பாளரும் 2012 டிசம்பரில், உயிரணு விஞ்ஞானிகளின் மாநாட்டையொட்டி ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில் கூடி ஓர் அறிக்கை வகுத்தனர். கட்டுரை வந்த சஞ்சிகையின் சராசரி மேற்கோள் எண்ணைக் கொண்டு எழுதியவரை மதிப்பிடலாகாது என்றும், சிறப்பாகத் தொழிலில் புதிதாய்ப் புகுவோர் திறத்தில், கட்டுரையின் பொருளே முதன்மையாகக் கருதப்படுமென்பதைத் தெளிவுற அறிவித்தல் வேண்டுமென்றும் அது கூறுகிறது. பல நாட்டு நிறுவனங்களும் தனியறிஞரும் அதில் கையொப்பமிட்டுள்ளனர்.