தண்ணீர்த் தொட்டியில் வெள்ளை உருவம்

கரண்ட் போயிருந்த இரவு. சேலையூரில் எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் வெள்ளையாக ஏதோ அசைந்தது. சத்தமே இல்லாமல் தலைக்கு மேலே பறந்துபோனது. போன பிறகு, துணியைக் கிழித்தாற்போல ஒரு வீறிடல். "சாக்குருவிடா, உள்ளே வா" என்று பாட்டி கதவைச் சாத்தினார்.

மறுநாள் காலை தொட்டிக்கடியில் தடயம் கிடந்தது. கட்டைவிரல் பருமனில் கறுத்த உருண்டை. தண்ணீரில் ஊறவைத்துக் குச்சியால் பிரித்தேன். சாம்பல்நிற முடி; அதற்குள் உடையாத எலி மண்டையோடு, முன்பற்கள் ஆரஞ்சு நிறம் மாறாமல். பாட்டி சாக்குருவி என்றது கூகையைத்தான்; அது எலியை முழுதாக விழுங்கும். செரிக்காத எலும்பையும் முடியையும் இப்படி உருட்டிக் கக்கிவிடும்.

எலியை அது கண்டுபிடிக்கும் விதம்தான் அதிசயம். இதய வடிவ முகம், ஒலியைக் குவித்துக் காதுக்கு அனுப்பும் தட்டு. இடக்காதுத் துளை வலக்காதைவிடச் சற்று மேலே இருக்கிறது. சத்தம் எந்தக் காதுக்கு முந்தி வருகிறது என்பதில் இடம் வலம் தெரியும். எந்தக் காதில் உரக்கக் கேட்கிறது என்பதில் மேல் கீழ் தெரியும். அமெரிக்காவில் ராஜர் பெய்ன் என்ற ஆய்வாளர் கும்மிருட்டு அறையில் கூகையைச் சோதித்தார். சத்தத்தை மட்டும் வைத்தே எலியைப் பிடித்தது. சருகின் மேல் காகித உருண்டையை இழுத்தபோது அதன்மேலும் பாய்ந்தது. வாசனையோ உடல்சூடோ அதற்குத் தேவைப்படவில்லை.

சிறகின் முன்விளிம்பில் சீப்புப்பல் போன்ற இழைகள், மேலே வெல்வெட் மென்மை, பின்விளிம்பில் குஞ்சம். காற்று சிதறி ஓசை அடங்கிவிடுகிறது. வெளுத்த வயிறும் வீறிடலும் சேர்ந்தால் பேய்க்கதைக்கு வேறென்ன வேண்டும்? இந்தப் பயம் பழையது. சுடுகாட்டுக் கூகைக்கோழியைப் பாடியதாலேயே புறநானூற்றுப் புலவர் ஒருவருக்குக் கூகைக்கோழியார் என்று பெயர் வந்தது.

எங்கள் பக்கத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு வந்தது. அதன் 365 ஏக்கர் வளாகத்தில் புதர்க்காடும் கூகை தங்கும் மரப்பொந்தும் மிஞ்சியிருக்கின்றன. சுற்றியுள்ள சேலையூர்த் தெருக்களிலோ பழைய மரங்கள் போய் அடுக்குமாடிகள் வந்துவிட்டன. ஒரு கூகைக் குடும்பம் ஓராண்டில் நூற்றுக்கணக்கில் எலி தின்னும். சாக்குருவி என்று கல்லெறிகிறவர்கள் தங்கள் காவலாளியையே விரட்டுகிறார்கள்.

எலிமருந்து வைக்குமுன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். மருந்து தின்று தள்ளாடும் எலிதான் கூகைக்கு முதலில் அகப்படும். அந்த விஷம் கூகையையும் கொல்லக்கூடும். எலிப்பொறி வையுங்கள்.