முதியோர் இல்லத்தில் இரவு விழித்திருப்பவர் யார்?

ஓடைப்பட்டிப் பகுதியில் திராட்சைத் தோட்ட வேலையோடு படுக்கையில் உள்ள பெற்றோரையும் கவனிப்பது எளிதன்று. அதனால், "நல்ல இல்லம் எது?" என்று பிள்ளைகள் எங்களிடம் கேட்கின்றனர்.

பத்துப் பன்னிரண்டு பேர் மட்டும் தங்கும் சிறிய இல்லத்தில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைப்பார்கள். அது பெரும் நன்மையே. ஆனால் இரவில் விழித்திருப்பவர் யார், அவர் விடுப்பு எடுத்தால் மாற்று யார் என்பதை முதலில் கேளுங்கள். சிறிய இல்லத்தின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது. கழிப்பறைக்கு எழும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்களை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். எழ இயலாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும். இன்சுலின் போடுபவர் யார், ஊசிக்குப்பின் உணவு தாமதமாகுமா என்பதையும் கேட்டறிக.

இரவு உணவு வேளையில் முன்னறிவிப்பின்றிச் சென்று பாருங்கள். தரையின் பளபளப்பைவிட அங்கிருப்போரின் நகங்களும் குதிகால்களும் உண்மையைச் சொல்லும். மதுரையில் வசதிகள் கூடுதலாக இருக்கலாம். எனினும் வாரந்தோறும் சென்று பார்க்கக்கூடிய தொலைவையே நாங்கள் விரும்புகிறோம்.

"ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்" என்று பொய் சொல்லிப் பெற்றோரை இல்லத்தில் சேர்ப்பதை நாங்கள் ஏற்பதில்லை. நினைவு தெளிவாக உள்ளவரின் சம்மதம் இன்றியமையாதது. முதலில் ஒரு மாதம் தங்கிப் பார்க்கட்டும்.

இல்லத்தில் சேர்த்ததனால் பராமரிப்புக் கடமை நீங்குவதில்லை. 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி அது பிள்ளைகளுடையதே. முதியோர் உதவி எண்: 14567.