சிறு கத்தி: அன்றாட வாழ்வின் எளிய கருவி

மடங்காத சிறு கத்தி என்பது, அலகு பிடிக்குள் அசையாமல் பொருத்தப்பட்டு, உறையில் செருகி வைக்கப்படும் கைக்கருவியாகும். இதன் அலகு பெரும்பாலும் 7 முதல் 10 செ.மீ. வரை நீளம் கொண்டது. ஏறத்தாழ ஓர் உள்ளங்கையின் அகலம் எனலாம். கத்தி என்றதும் நம்மில் பலருக்குச் சமையலறையோ, செய்தித்தாளில் வரும் குற்றச் செய்தியோதான் நினைவுக்கு வருகிறது. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு சிறிய கத்தி செய்யக்கூடிய அன்றாட வேலைகள் பல உள்ளன. அவற்றையும், இக்கத்தியைப் பள்ளிப் பாடத்திலேயே சேர்த்துக்கொண்ட வட ஐரோப்பிய நாடுகளின் அனுபவத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

அமைப்பு

கத்தியின் வெட்டும் பகுதி அலகு. அலகின் கூரான ஓரம் வாய். அதற்கு எதிரே உள்ள தடித்த பகுதி முதுகு. அலகின் பின்பகுதி ஒரு வால்போல நீண்டு பிடிக்குள் செல்கிறது. கத்தியின் உறுதி இந்த வாலைப் பொறுத்தது. வால் பிடியின் கடைசிவரை சென்றால் கத்தி மிக உறுதியாக இருக்கும். பாதியளவு சென்றாலும் சிறு வேலைகளுக்குப் போதுமானது.

மடக்குக் கத்தியில் அலகும் பிடியும் சேருமிடத்தில் ஓர் ஆணி உண்டு. அலகு அந்த ஆணியைச் சுற்றித் திரும்புகிறது. பையில் வைக்க வசதிதான். ஆனால், மூட்டில் மண்ணும் பழச்சாறும் சேரும். நாளடைவில் ஆணி தளரும். பூட்டு இல்லாத கத்தியாக இருந்தால், அழுத்தும்போது அலகு மடங்கி விரலை வெட்டவும் கூடும். மடங்காத கத்தியில் அசையும் உறுப்பு எதுவுமில்லை. ஆகவே பழுதாவதற்கும் வழி குறைவு. கழுவித் துடைத்து உறையில் போட்டால் போதும். உறைதான் அதன் பூட்டு.

பின்லாந்தின் பூக்கோ

இவ்வகைக் கத்திகளுள் புகழ்பெற்றது பின்லாந்து நாட்டின் பூக்கோ. பின்னிய மொழியில் ‘பூ’ என்றால் மரம். மரவேலைக்கும், மீன் அரிவதற்கும், வேட்டைக்கும், உணவு உண்பதற்கும் இந்த ஒரே கத்தி பயன்பட்டது. பிடி பெரும்பாலும் பிர்ச்சு மரத்தால் ஆனது. அம்மரத்தின் பட்டையை வட்டுகளாக வெட்டி அடுக்கிச் செய்யும் பிடியும் உண்டு. பட்டைப் பிடி ஈரத்தில் வழுக்காது. கடுங்குளிரிலும் கையைச் சில்லிட வைக்காது. தோலால் ஆன உறை ஆழமானது. பிடியின் பாதி வரை மூடிக்கொள்ளும். அதனால் குனிந்து நிமிரும்போது கத்தி நழுவி விழுவதில்லை.

பூக்கோவின் வரலாற்றில் இருண்ட பக்கமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பின்லாந்தின் மேற்கிலுள்ள தெற்கு ஆஸ்ட்ரோபோத்னியா பகுதியில், கத்திச் சண்டைக்குப் பேர்போன முரடர் கூட்டங்கள் ஊர்களை அச்சுறுத்தி வந்தன. அவர்களுடைய பெயரிலேயே ‘பூக்கோ’ என்னும் சொல் ஒட்டிக்கொண்டது. ஒரே கத்திதான், ஒருவர் கையில் மரக்கரண்டி செய்தது, மற்றொருவர் கையில் உயிரைப் பறித்தது. ஆயினும் அந்நாடு கத்தியைக் கைவிட்டுவிடவில்லை. அதே நூற்றாண்டிலேயே அதைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தது.

பள்ளிக்கூடத்தில் கத்தி

பின்லாந்தின் தொடக்கக் கல்வி முறையை உருவாக்கியவர் ஊனோ சிக்னேயஸ். 1866ஆம் ஆண்டின் பள்ளிச் சட்டத்தின் வழியே கைவேலை அந்நாட்டுப் பள்ளிகளில் பாடமாயிற்று. தொழிலாளிகளை உருவாக்குவது இதன் நோக்கமன்று; கையும் கண்ணும் மனமும் சேர்ந்து வளர வேண்டும் என்பதே நோக்கம். அண்டை நாடான சுவீடனில் ஓட்டோ சாலமன் என்னும் கல்வியாளர் 1870களில், நேஸ் என்னும் இடத்தில், கைவேலை ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளியை நடத்தினார். ‘ஸ்லாய்டு’ எனப்படும் அம்முறையைக் கற்கப் பல நாட்டு ஆசிரியர்கள் அங்கே சென்றனர்.

சாலமனின் பாடவரிசையில் மாணவன் முதலில் கையிலெடுக்கும் கருவி கத்திதான். இழைப்புளியும் உளியும் பின்னரே வரும். முதற்பயிற்சி ஒரு சிறு குச்சியைச் சீராகச் சீவுவது. பார்வைக்கு எளிது, செய்து பார்த்தால்தான் கடினம் தெரியும். மரத்தின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது, எவ்வளவு அழுத்த வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம் அந்தக் குச்சியே கற்றுக்கொடுத்துவிடும்.

மோரா கத்தி

சுவீடனின் டலார்னா மாநிலத்தில் உள்ள மோரா என்னும் ஊரும், அதையடுத்த ஓஸ்ட்னூர் கிராமமும் கத்தித் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. அங்கே 1891இல் தொடங்கப்பட்ட ஒரு பட்டறையும், 1912இல் தொடங்கப்பட்ட மற்றொரு நிறுவனமும் பிற்காலத்தில் ஒன்றிணைந்தன. இங்கிருந்து வரும் கத்திகள் விலை மலிவானவை. தச்சர்களும் மீனவர்களும் கட்டடத் தொழிலாளர்களும் இவற்றை இடுப்பில் செருகி வைத்திருப்பர். அலங்காரம் எதுவுமில்லாத, தேய்ந்தால் மாற்றிக்கொள்ளக்கூடிய வேலைக்கருவி என்பதே இதன் சிறப்பு.

எழுத்தாணியும் பேனாக்கத்தியும்

கத்தி கல்விக்கு அந்நியமானது என்ற எண்ணம் நம் நாட்டுக்கும் பொருந்தாது. ஓலையில் எழுதிய காலத்தில், எழுதும் முன் ஓலையை வாரிச் சீராக்க வேண்டியிருந்தது. அதற்காக ஒரு முனையில் எழுத்தாணியும் மறுமுனையில் கத்தியும் கொண்ட வாரெழுத்தாணி வழக்கில் இருந்தது. அதற்கு உறையும் உண்டு. மடக்கி வைக்கும் மடக்கெழுத்தாணியும் இருந்தது.

மேலைநாடுகளில் பறவை இறகை எழுதுகோலாகச் சீவுவதற்கு ஒரு சிறு கத்தி தேவைப்பட்டது. நாம் இன்று பேனாக்கத்தி என்று சொல்லும் பெயர் அதிலிருந்து வந்ததே. தொடக்ககாலப் பேனாக்கத்திகள் பல மடங்காதவை. ஆக, எழுத்தும் கத்தியும் நெடுங்காலம் ஒரே மேசையில் இருந்தவை.

என் ஆசிரியப் பணிக்காலத்தில், பென்சில் சீவுவதற்காகப் பிள்ளைகள் சவரப் பிளேடைப் பாதியாக உடைத்துத் தாளில் சுற்றிக் கொண்டுவருவார்கள். பிடியும் இல்லை, உறையும் இல்லை, ஒரு முறை அழுத்தினால் வளையும். விரலில் இரத்தம் கசிய அழுதுகொண்டு வந்த பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை துணி சுற்றிவிட்டிருக்கிறேன். பிளேடைப் பறிமுதல் செய்தோமே தவிர, பிடியுள்ள ஒரு கருவியை எப்படிப் பிடிப்பது என்று யாரும் சொல்லித்தரவில்லை, நானும் சொல்லித்தரவில்லை. சாலமனின் பாடவரிசையைப் பிற்காலத்தில் படித்தபோது அந்தக் குறை எனக்கு உறைத்தது.

அன்றாடப் பயன்கள்

சிறு கத்தியின் பயன் பெரிய வேலைகளில் இல்லை; நாள்தோறும் வரும் சில்லறை வேலைகளில்தான் இருக்கிறது. அரிசி மூட்டையின் தையலைப் பிரிப்பது, தபாலில் வந்த பெட்டியின் ஒட்டுநாடாவைக் கிழிப்பது, கயிறு அறுப்பது, மாங்காயோ கொய்யாவோ நறுக்குவது, வாழையிலை அரிவது, தென்னை ஈர்க்கைச் சீவி விளக்குமாறு கட்டுவது, தக்காளிச் செடிக்கு ஊன்றுகோல் கூராக்குவது, செடி ஒட்டுக்கட்டுவது, பென்சில் சீவுவது எனப் பட்டியல் நீளும்.

செய்யக்கூடாதவையும் உண்டு. கத்தியால் திருகாணியைத் திருகுவது, டப்பா மூடியை நெம்புவது ஆகியவற்றால் முனை ஒடியும். மின்சாரம் ஓடும் கம்பியில் கத்தியை வைக்கவே கூடாது. உணவுக்குப் பயன்படுத்தும் கத்தியைத் தோட்ட வேலைக்குப் பயன்படுத்தாமல் தனியே வைத்துக்கொள்வது நல்லது.

கூர்மையும் பராமரிப்பும்

மொட்டைக் கத்திதான் ஆபத்தானது. இதற்குக் காரணம் இயற்பியலில் உள்ளது. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது. வாய் கூராக இருந்தால் பொருளைத் தொடும் பரப்பு மிகக் குறைவு. சிறு விசையே வெட்டிவிடும். வாய் மழுங்கினால் பரப்பு கூடும்; அதிக பலத்தோடு அழுத்த நேரும். அப்படி அழுத்தும்போது கத்தி வழுக்கினால், அந்தப் பலம் முழுவதும் நம் கையின்மேல் இறங்கும்.

பூக்கோ, மோரா கத்திகளில் அலகின் இரு பக்கமும் அகலமான ஒரே சரிவாக வாய்வரை இறங்கும். தீட்டும்போது அந்தச் சரிவைக் கல்லின்மேல் தட்டையாகப் படியவைத்தால் போதும். கோணம் தானே அமைந்துவிடும். புதிதாகத் தீட்டக் கற்பவருக்கு இது பெரிய வசதி. கல்லை நனைத்து, இரு பக்கமும் சமமாகத் தீட்டி, ஓரத்தில் எழும் பிசிறு நீங்கும்வரை மெல்லத் தேய்க்க வேண்டும்.

கார்பன் எஃகு எளிதில் கூராகும். ஆனால் ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். துடைத்துச் சிறிது தேங்காய் எண்ணெய் தடவிவைக்கலாம். புளிப்புப் பழம் நறுக்கினால் அதன் நிறம் மங்கும். அது கெடுதல் அன்று. துருப்பிடிக்காத எஃகுக்கு இத்தனை கவனம் தேவையில்லை. எதுவாயினும் ஈரத்தோடு உறையில் போடக்கூடாது.

பாதுகாப்பும் சட்டமும்

கத்தியைப் பிடிக்கும் முன் கற்க வேண்டிய பழக்கங்கள் சில:

1. உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். கையை நீட்டினால் எட்டும் தொலைவுக்குள் வேறு யாரும் இருக்கக்கூடாது.
2. உடலுக்கு வெளிப்புறமாக வெட்ட வேண்டும். தொடையின்மேல் வைத்து வெட்டக்கூடாது.
3. வெட்டும் பாதையில் மற்றொரு கையின் விரல் இருக்கக்கூடாது.
4. பிறரிடம் கொடுக்கும்போது பிடி அவர் பக்கம் இருக்க வேண்டும். கீழே வைத்துவிட்டு அவரை எடுத்துக்கொள்ளச் சொல்வது இன்னும் நல்லது.
5. நழுவி விழும் கத்தியைப் பிடிக்க முயலக்கூடாது.
6. வேலை முடிந்ததும் கத்தி உறைக்குள் போக வேண்டும்.

சிறுவர்கள் பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே பழக வேண்டும். காயம் பட்டால் தூய துணியால் அழுத்திப் பிடித்து, ஆழமானதாயின் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழான விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுத வகையில் வைக்கின்றன. வீட்டு வேலை, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென அமைந்தவை இதில் சேரா. அலகு சிறியது என்பதால் எங்கும் எடுத்துச் செல்லலாம் என்று கொள்ளக்கூடாது. விமானத்தின் பயணிகள் பகுதிக்குள் கத்திக்கு அனுமதியில்லை. மாணவர்கள் பள்ளிக்குத் தாமாகக் கத்தி கொண்டுசெல்லக்கூடாது. கத்தியைப் பாடமாக வைத்த சுவீடனிலும், 1988ஆம் ஆண்டுச் சட்டம் பொது இடங்களில் காரணமின்றிக் கத்தி வைத்திருப்பதைத் தடை செய்கிறது; வேலைக்குத் தேவைப்படுவோருக்கு விலக்கு அளிக்கிறது. கற்றுக்கொடுப்பதும் கட்டுப்படுத்துவதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்பதை அந்நாடு காட்டுகிறது.

தொடங்க விரும்புவோருக்கு

விலையுயர்ந்த கத்தி வேண்டியதில்லை. உறுதியான பிடியும் பொருத்தமான உறையும் உள்ள ஒரு சிறு கத்தி, ஒரு தீட்டுக்கல், காய்ந்த வேப்பங்குச்சி ஒன்று ஆகியவை போதும். பெற்றோர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து, குச்சியின் நுனியைச் சீராகக் கூராக்கச் சொல்லித்தரலாம். முதல் நாள் குச்சி கோணலாகத்தான் வரும். அடுத்த வாரம் நேராகும். அதற்குள் கத்தியை உறையில் போடும் பழக்கமும் பிள்ளைக்கு வந்திருக்கும்.