ராஜீவா, சுபாவா? கெட்டிக்காரர் யார்?

திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே காவிரிப் பாலம் இருக்கிறது. நீளம் சுமார் 540 மீட்டர். மலைக்கோட்டையைப் பார்த்தபடி நடந்தால், அக்கரை சேர 6, 7 நிமிடம் ஆகும்.

அதில் முக்கால் பாலத்தை ஒருவர் 46 வினாடிக்குள் ஓடிக் கடந்தால் எப்படி இருக்கும்? அதுதான் 400 மீட்டர் ஓட்டம்!

இந்த ஓட்டத்துக்கு வேகமும் வேண்டும், மூச்சும் வேண்டும். 300 மீட்டர் தாண்டியதும் கால்கள் இரும்பாய்க் கனக்கும். அதற்குப் பிறகு ஓடுகிறவர்தான் வீரர்.

அப்படிப்பட்ட 2 பேரைத் திருச்சி மாவட்டம் நாட்டுக்குத் தந்திருக்கிறது. ஒருவர் ஆரோக்கிய ராஜீவ். மற்றவர் சுபா வெங்கடேசன்.

ஆண் ஓடிய நேரத்தையும் பெண் ஓடிய நேரத்தையும் ஒப்பிடுவது முறை அல்ல. ஆனால் திறமையை ஒப்பிடலாம் அல்லவா?

தனி ஓட்டம்

ராஜீவ், லால்குடி பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை. ராணுவத்தில் சேர்ந்தவர். 2014-ம் ஆண்டு தென் கொரியாவின் இஞ்சியான் நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அங்கே 400 மீட்டரை 45.92 வினாடியில் ஓடி வெண்கலப் பதக்கம் வென்றார்.

துணைக்கு யாரும் இல்லாமல், தனியாக ஓடிப் பெற்ற பதக்கம் அது. சுபாவின் புகழோ தொடர் ஓட்டத்தில் வந்தது. ஆகவே, தனி ஓட்டத்தில் ராஜீவுக்கே முதல் இடம்.

தொடர் ஓட்டம்

தொடர் ஓட்டத்தில் 4 பேர் ஆளுக்கு 400 மீட்டர் ஓடுவார்கள். கையில் உள்ள 'பேட்டன்' என்ற சிறு குழலை அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். 20 மீட்டர் எல்லைக்குள் அது கை மாற வேண்டும். தவறினால் அணியே வெளியேற வேண்டியதுதான்!

2 ஆண்களும் 2 பெண்களும் சேர்ந்து ஓடுவது கலப்புத் தொடர் ஓட்டம். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஜூலை 30-ந் தேதி, சுபா 3-வதாக ஓடினார். ஓடி வந்து பேட்டனை நீட்டினார். வாங்கியவர் யார்? ராஜீவ்! திருச்சிக் கை கொடுத்தது. திருச்சிக் கை வாங்கியது.

ஆனால் அன்று இந்திய அணி கடைசியாகத்தான் வந்தது.

இருவரும் சோர்ந்துவிட்டார்களா? இல்லை. ஒரே வாரத்தில் ராஜீவ் ஆண்கள் தொடர் ஓட்டத்தில் ஓடினார். இந்திய அணி 3 நிமிடம் 0.25 வினாடியில் ஓடி ஆசிய சாதனை படைத்தது. 8 அணிகளுக்குத்தான் இறுதிப் போட்டி. இந்தியாவுக்கோ 9-வது இடம்!

சுபாவின் பதில் 2023-ல் வந்தது. பாங்காக் ஆசியத் தடகளப் போட்டியில், கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்குத் தங்கம். நேரம் 3 நிமிடம் 14.70 வினாடி. டோக்கியோவை விட 5 வினாடி குறைவு!

கடைசி ஆள்

முன்பு கலப்புத் தொடர் ஓட்டத்தில் யார் எப்போது ஓடுவது என்பது அணியின் விருப்பம். கடைசியில் ஆணை ஓட விடுவது வழக்கம். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ராஜீவ்தான் கடைசி ஆள். அன்று கிடைத்தது வெள்ளி. முதலில் வந்த பஹ்ரைன் அணி ஊக்க மருந்துக் குற்றத்தால் நீக்கப்பட, அது பின்னர் தங்கம் ஆனது.

2022-ல் விதி மாறியது. ஆண், பெண், ஆண், பெண் என்ற வரிசை கட்டாயம் ஆனது. ஆக, வெற்றிக் கோட்டைத் தொடும் பொறுப்பு பெண் கைக்கு வந்தது.

அந்தப் பொறுப்பை இந்தியா சுபாவிடம் கொடுத்தது. பாங்காக்கில் அவர்தான் கடைசி ஆள். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 2 வெள்ளி. 2025-ல் தென் கொரியாவின் குமி நகரில் நடந்த ஆசியத் தடகளத்தில் 2 தங்கம். அங்கெல்லாம் கடைசியாக ஓடி முடித்தவர் சுபாவே!

தீர்ப்பு என்ன?

தனியாக ஓடி ஆசியாவில் பதக்கம் பெற்ற வேகம் ராஜீவுடையது. மற்ற 3 பேரின் உழைப்பையும் கையில் வாங்கி, பத்திரமாய்க் கோட்டைச் சேர்க்கும் நிதானம் சுபாவுடையது.

"பொம்பளைப் பிள்ளைக்கு ஓட்டம் எதற்கு?" என்று கேட்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த வீட்டாருக்கு ஒரு வார்த்தை: வெற்றிக் கோட்டைத் தொடும் பொறுப்பை நாடே ஒரு திருச்சிப் பெண்ணிடம் நம்பிக் கொடுத்தது!