பழைய சுவருக்கு சிமென்ட் ஏன் ஆகாது?

காரைக்குடிப் பக்கம் நூறு வயது தாண்டிய செட்டிநாட்டு வீடுகளில் சுண்ணாம்புப் பூச்சு இன்றும் வழவழவென்று மின்னுகிறது. அதே சுவரில் சிமென்ட் வைத்து ஒட்டுப்போட்டால், அந்த இடத்தில் உப்புப் பூத்து உதிரத் தொடங்கும். ஏன்?

பழைய சுவர்களின் அடியில் பெரும்பாலும் ஈரத்தடுப்பு கிடையாது. மண்ணின் ஈரம் செங்கல் வழியே மேலேறும். சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளைகள் வழியாக அது ஆவியாகிப் போய்விடும். சிமென்ட் அந்த வழியை அடைக்கிறது. உள்ளே சிக்கிய நீரிலுள்ள உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாக வளரும்; அந்த அழுத்தத்தில் செங்கல்லின் முகமே பெயர்ந்துவிடும். கொத்தனாரைக் குறை சொல்லிப் பயனில்லை; பொருள்தான் பொருந்தவில்லை.

சுண்ணாம்பு இறுகும் விதமே வேறு. சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் கரியமில வாயு வெளியேறும். நீற்றிப் பூசியபின், காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல இழுத்து மீண்டும் கல்லாகிறது. மயிரிழை விரிசல் விழுந்தால், மழைநீரில் கரைந்த சுண்ணாம்பே அதில் படிந்து அடைக்கவும் செய்யும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைக் கலப்பதும் வெறும் சம்பிரதாயமல்ல: வெல்லத்தின் சர்க்கரையால் நீரில் சுண்ணாம்பு கூடுதலாகக் கரைகிறது.

அவசரக்காரர்களுக்கு இது ஒத்துவராது. நீற்றிய சுண்ணாம்பை வாரக்கணக்கில் ஊறவைத்து அரைக்க வேண்டும். பூசிய சுவரையும் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.