திறமை இருந்தும் துட்டு இல்லாமல் நழுவிய பார்முலா-1 சீட்!

கல்லிடைக்குறிச்சி ரோட்டில் பைக்கை முறுக்கும் பசங்களுக்கும் கார் பந்தய ஆசை உண்டு. ஆனால் இந்த ஆட்டத்துக்கு திறமை மட்டும் போதாது, துட்டும் வேணும்.

கோவை நரேன் கார்த்திகேயனையே பாருங்க. அப்பா ராலி சாம்பியன். மகன் 1994-ல் இங்கிலாந்தில் பார்முலா போர்டு குளிர்கால தொடரிலும், 1996-ல் பார்முலா ஆசியாவிலும் பட்டம் வென்றவர். அப்படிப்பட்டவருக்கே 2004 சீசனுக்கு மினார்டி அணியில் வந்த வாய்ப்பு, ஸ்பான்சர் பணம் சேராததால் கைநழுவியது.

சின்ன அணிகளுக்கு டயர், என்ஜின், மெக்கானிக் செலவே கழுத்தை நெரிக்கும். அதனால் ஸ்பான்சரோடு வரும் டிரைவருக்குத்தான் முதல் மரியாதை.

2005-ல் டாடா கைகொடுக்க, ஜோர்டான் அணி காரில் ஏறி, பார்முலா-1 ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அதே ஆண்டு அமெரிக்க பந்தயத்தில் 4-வது இடம். டயர் தகராறில் 14 கார்கள் ஒதுங்கி, 6 கார்தான் ஓடியது என்றாலும் 5 புள்ளி கணக்கில் சேர்ந்தது.