முதல் எண்ணும் இரண்டாம் எண்ணும்: பீட்டா எச்.சி.ஜி. பரிசோதனையைப் புரிந்துகொள்வோம்

கருப்பையில் கரு வைக்கப்பட்ட நாள் முதல் இரத்தப் பரிசோதனை நாள் வரையிலான காத்திருப்பே சிகிச்சையின் கடினமான பகுதி என்று தம்பதியர் பலர் கூறுவதுண்டு. அந்நாட்களில் எழும் ஐயங்களுக்கு இங்கே விளக்கம் தருகிறோம்.

எதை அளக்கிறோம்?

கரு கருப்பையின் உட்சுவரில் பதியத் தொடங்கியதும், பின்னாளில் நஞ்சுக்கொடியாக வளரவிருக்கும் செல்கள் எச்.சி.ஜி. என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றன. ஸ்கேனில் எதுவும் தென்படுவதற்குப் பல நாட்களுக்கு முன்பே இதை இரத்தத்தில் கண்டறியலாம்.

ஏன் அவசரப்படக் கூடாது?

கருமுட்டைகளை எடுப்பதற்குச் சுமார் 36 மணி நேரத்திற்கு முன் போடப்படும் ஊசி, பலருக்கு எச்.சி.ஜி. ஊசியே ஆகும். அது உடலிலிருந்து நீங்க 10 முதல் 14 நாட்கள் ஆகலாம். அதற்குள் வீட்டில் சிறுநீரைப் பரிசோதித்தால், கர்ப்பம் இல்லாமலே இரண்டு கோடுகள் தோன்றக்கூடும். மாறாக, கரு பதிந்திருந்தும் ஹார்மோன் அளவு குறைவாக இருந்தால் ஒரு கோடு மட்டுமே தெரியும். அதைக் கண்டு மனமுடைந்து புரோஜெஸ்டிரோன் மருந்தை நிறுத்திவிடுவதுதான் பேராபத்து. குறிப்பாக, உறைநிலையில் பாதுகாத்த கருவை மருந்துகளின் துணையோடு வைத்துக்கொண்டவர்களுக்குக் கருப்பையின் உட்சுவரைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் அம்மருந்தே. சிறிதளவு உதிரம் பட்டாலும் மருத்துவர் சொல்லாமல் மருந்தை நிறுத்தாதீர்கள்.

எண்கள் சொல்வது என்ன?

ஐந்தாம் நாள் கருவை வைத்தவர்களுக்குப் பொதுவாக 9 முதல் 14 நாட்களுக்குள் பரிசோதனை செய்யப்படும். ஒரு மில்லி லிட்டர் இரத்தத்தில் 5 மில்லி யூனிட்டுக்குக் குறைவு எனில் கர்ப்பம் இல்லை என்றும், 25-க்கு மேல் எனில் கர்ப்பம் உண்டு என்றும் கொள்வது வழக்கம். இடைப்பட்ட அளவுக்கு மறுபரிசோதனை தேவை.

முதல் எண்ணைவிட, 48 மணி நேரம் கழித்து அதே ஆய்வகத்தில் எடுக்கப்படும் இரண்டாம் எண் முக்கியமானது. நலமாக வளரும் கர்ப்பத்தில் தொடக்க நாட்களில் இந்த அளவு இரண்டு மூன்று நாட்களில் ஏறத்தாழ இருமடங்காகும். சற்று மெதுவாக உயர்ந்தும் நன்கு வளரும் கர்ப்பங்கள் உண்டு. ஆகவே பிறருடைய எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட வேண்டாம். அளவு குறைந்துகொண்டே வந்தால், கரு பதிந்தும் வளர்ச்சி நின்றுவிட்டது என்று பொருள். நீங்கள் நடந்ததோ, படியேறியதோ, உண்ட உணவோ அதற்குக் காரணமன்று.

எப்போது உடனே வர வேண்டும்?

அளவு மிக மெதுவாக உயர்ந்தால், கரு கருக்குழாயில் தங்கியிருக்கலாம். கருப்பைக்குள்ளேயே கருவை வைத்திருந்தாலும் இது அரிதாக நேரும். அடிவயிற்றில் கடும் வலி, தோள்பட்டை வலி, மயக்கம், மிகுந்த உதிரப்போக்கு ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும், இரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.

அடுத்த படி

கர்ப்பம் எங்கே உள்ளது என்பதை எண்ணால் உறுதி செய்ய இயலாது. ஆறாம், ஏழாம் வாரங்களில் செய்யப்படும் ஸ்கேனே கருப்பையிலுள்ள கர்ப்பப் பையையும் இதயத் துடிப்பையும் காட்டும்.

குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள்: முடிவு என்னவாயிற்று என்று நாள்தோறும் கேட்பதைத் தவிர்த்து, மருந்து வேளை தவறாமலிருக்கத் துணை நில்லுங்கள்.